கொல்கத்தா உலர்தாவரகமும் இணையமும்

வயல் வரப்பு, இருப்புப்பாதை ஓரம், பள்ளி மைதானத்தின் மூலை ஆகிய இடங்களிலெல்லாம் வெண்ணிறச் சிறு பூக்களோடு செழித்து நிற்கும் பார்த்தீனியம் என்னும் களையை அறியாத களப்பணியாளர் இலர். அதனைத் தொடுவோரிற் சிலர்க்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. அதன் மகரந்தம் சிலர்க்கு மூச்சுத் தொல்லையைத் தருகிறது. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இந்தியாவிற்கு எப்பொழுது வந்தது என்று மாணவர் ஒருவர் வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே. 1950-களில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்தது என்பதே அவ்விடை. நாளிதழ்களிலும் கட்டுரைகளிலும் இது பன்முறை எழுதப்பட்டுள்ளது. இணையத்தில் தேடுவோர்க்கும் இதுவே முதலில் எதிர்ப்படும்.

இவ்விடை முழுவதும் சரியன்று. அதனைத் திருத்தவல்ல சான்று கொல்கத்தாவை அடுத்த ஒரு தோட்டத்தில் தோன்றி, இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அச்சேறியது. அச்சான்றினையும் இன்று இணையத்தின் வாயிலாக எவரும் தம் இருப்பிடத்திலிருந்தே காணலாம். ஆகவே, பிழையான விடையும் அதனைத் திருத்தும் சான்றும் ஒரே வழியிற் பயணம் செய்து ஒரே திரையில் வந்து சேர்கின்றன. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின், இணையம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது கொண்டுவரும் அறிவு எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

ஆற்றங்கரைத் தோட்டமும் தந்திக் கம்பியும்

கொல்கத்தாவிற்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹௌராவைச் சார்ந்த ஷிப்பூரில் ஒரு பெரிய தாவரத் தோட்டம் உள்ளது. 1787-ஆம் ஆண்டில் கர்னல் ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் இது நிறுவப்பெற்றது. இன்று ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரத் தோட்டம் என வழங்குகிறது. விழுதூன்றிப் பரந்து நிற்கும் அதன் பேராலமரம் புகழ் பெற்றது.

செய்தியைத் தொலைவிற்கு அனுப்பும் கலையிலும் இத்தோட்டத்திற்கு ஓர் இடம் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கிய வில்லியம் ஓஷாக்னசி, 1839-ஆம் ஆண்டில் இங்கு மூங்கிற் கம்பங்களை நட்டு, பல மைல் நீளமுள்ள இரும்புக் கம்பியை அவற்றின்மீது கட்டி, மின்சாரத்தின் வாயிலாகக் குறிப்புகளை அனுப்பிச் சோதனை செய்தார். தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் வாலிச் இதற்குத் துணை நின்றார். அமெரிக்காவில் மோர்சின் புகழ்பெற்ற தந்திப் பாதை திறக்கப்பெற்றது இதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1844-இல் ஆகும். 1851-இல் கல்கத்தாவிற்கும் டயமண்டு துறைமுகத்திற்கும் இடையே தந்தி இயங்கியது. 1855-க்குள் சென்னையும் பம்பாயும் கல்கத்தாவோடு இணைந்தன. அத்தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் வரை இந்நாட்டில் நீடித்தது.

பின்னர் வந்த சாதனங்களிலும் இந்நகரம் பின்தங்கவில்லை. 1950-களின் நடுவில் இந்தியப் புள்ளியியற் கழகம் பிரிட்டனிலிருந்து வரவழைத்த கணினி, இந்நாட்டின் முதல் மின்னணுக் கணினிகளுள் ஒன்றாக இங்கு நிறுவப்பெற்றது. 1986-இல் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கான கணினி வலையமைப்பு தொடங்கப்பெற்றபோது, வங்காளத்தின் கரக்பூர் தொழில்நுட்பக் கழகமும் சென்னைத் தொழில்நுட்பக் கழகமும் அதில் உறுப்பாயின. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறக்கப்பெற்ற நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று.

இணையம் என்பது யாது?

பல ஊர்களுக்குத் தனித்தனியே அமைந்த சாலைகள் ஒன்றோடொன்று இணைந்து நாடு முழுதும் ஒரே சாலைத் தொகுதியாவது போல, பல நிறுவனங்களுக்கு உரிய கணினி வலைகள் பொதுவான நெறிமுறைகளுக்கு உட்பட்டு இணைந்ததே இணையம். இதற்கென ஒரு தலைமைக் கணினியோ, எல்லா அறிவையும் ஓரிடத்திற் குவித்து வைத்த களஞ்சியமோ இல்லை. அறிவு பல்லாயிரம் இடங்களில் பல்லாயிரம் பேர் பொறுப்பில் இருக்கிறது. ஒரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அதனைக் கொண்டு செல்வதே இணையத்தின் பணி.

எளிய தந்திக் கம்பியில் ஒரு செய்தி செல்லும்போது மற்றொரு செய்தி காத்திருத்தல் வேண்டும். இணையத்திலோ ஒவ்வொரு செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் அனுப்பும் கணினியின் முகவரியும் பெறும் கணினியின் முகவரியும் குறிக்கப்படுகின்றன. செய்தியின் எப்பகுதி அது என்பதைக் காட்டும் எண்ணும் உடன் செல்கிறது. வழியிலுள்ள திசைவி என்னும் கருவிகள் முகவரியைப் படித்து, அடுத்து எத்திசையில் அனுப்புவது என முடிவு செய்கின்றன. ஒரு வழி பழுதுற்றால் மற்றொரு வழியே அனுப்புகின்றன. வெவ்வேறு வழியாக முன்பின்னாக வந்து சேரும் பொட்டலங்களைப் பெறும் கணினி வரிசைப்படுத்தி, வாராதவற்றை மீண்டும் கேட்டுப் பெற்று, முழுச் செய்தியாக அமைத்துக்கொள்கிறது. ஒரே கம்பியிற் பல்லாயிரம் பேருடைய பொட்டலங்கள் கலந்து செல்லக்கூடுமாதலின் எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை.

இம்முறையின் முதற் பெரிய சோதனை அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நடைபெற்றது. இன்று வழங்கும் பொது நெறிமுறையை விண்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-இல் வகுத்து வெளியிட்டனர். இணையத்தின்மீது இயங்கும் வலைப்பக்கங்கள் இதற்குப் பிந்தியவை. 1989-இல் ஜெனீவாவை அடுத்த அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் அவற்றிற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அந்நிலையம் அம்முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அறிவுப் பகிர்வின் வரலாற்றில் இவ்வறிவிப்பு பெரிதும் மதிக்கத்தக்கது.

நெடுந்தொலைவுச் செய்திகள் கண்ணாடி இழைகளினூடே ஒளித்துடிப்புகளாகச் செல்கின்றன. கண்ணாடியினுள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர். ஆதலின் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் செல்ல, இழையின் நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டர் எனக் கொண்டாலும், ஒளிக்கு நொடியில் நூறில் ஒரு பங்கே போதும்.

ஓர் உலர்தாவரத் தாள் கூறுவது

வழியின் இயல்பு இது. இவ்வழியே அனுப்பத்தக்க அறிவு எவ்வாறு உண்டாகிறது என்பதற்கும் ஷிப்பூர்த் தோட்டமே நல்ல எடுத்துக்காட்டு. அத்தோட்டத்தில் அமைந்துள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் தாவர மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை இதனை நடத்தி வருகிறது. இத்துறை நிறுவப்பெற்ற ஆண்டு 1890 ஆகும்.

உலர்தாவரத் தாளின் அமைப்பு எளிமையானது. பூவோடும் காயோடும் கூடிய ஒரு கிளையைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, கனத்த தாளில் ஒட்டுவர். தாளின் மூலையில் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், அவரது வரிசை எண் ஆகியவை அதிற் குறிக்கப்பெறும். பின்னாளில் ஓர் அறிஞர் செடியின் பெயர் பிழை எனக் கண்டால், பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. தம் கருத்தை வேறொரு சீட்டில் எழுதித் தம் பெயரோடும் ஆண்டோடும் பக்கத்தில் ஒட்டுவர். எவர், எப்போது, எதனைக் கண்டு இவ்வாறு கூறினார் என்பது தாளை விட்டு நீங்குவதே இல்லை. சீட்டில்லாத மாதிரி எவ்வளவு அழகாயிருப்பினும் அதற்கு ஆய்வு மதிப்பு மிகக் குறைவு.

இத்தாள்களுட் சிலவற்றிற்குத் தனிச் சிறப்பு உண்டு. புதிய தாவரம் ஒன்றிற்குப் பெயரிடும் அறிஞர், அப்பெயர்க்கு ஆதாரமாக ஒரு மாதிரியைச் சுட்டுதல் வேண்டும். அதனை மூலமாதிரி எனலாம். அப்பெயரைப் பற்றி ஐயம் எழும்போதெல்லாம் அம்மாதிரியோடு ஒப்பிட்டே முடிவு காண்பர். எடைக்கற்களுக்கு ஒரு படித்தர எடை இருப்பது போல, தாவரப் பெயர்களுக்கு மூலமாதிரிகள் அமைந்துள்ளன.

கடல் கடந்த சேகரம்

1793-இல் இத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை மாகாணத்திற் பணியாற்றியவர். இன்றைய ஆந்திரத்தின் சாமல்கோட்டையில் தாவரங்களை வளர்த்து ஆராய்ந்தவர். அவர் இந்திய ஓவியர்களைக் கொண்டு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட வண்ண ஓவியங்களைத் தீட்டச் செய்தார். வங்காளி, தெலுங்கு முதலிய மொழிகளில் மக்கள் வழங்கிய செடிப் பெயர்களையும் எழுதி வைத்தார். அவ்வோவியங்களின் ஒரு தொகுதி ஷிப்பூரிலும் மற்றொரு தொகுதி இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலும் உள்ளன. ஓவியம் தீட்டிய கைகளுக்கு உரியவர் பெயர்களோ பெரும்பாலும் கிடைக்கவில்லை.

ராக்ஸ்பர்க்கிற்குப் பின் வந்த வாலிச், 1828-இல் விடுப்பிற் செல்லும்போது தோட்டத்தில் இருந்த உலர் மாதிரிகளிற் பெரும்பகுதியை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கு அவை வகைப்படுத்தப்பெற்று, ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்ட எண்களைக் கொண்ட பட்டியல் ஆக்கப்பெற்றது. மிகைப் படிகள் ஐரோப்பிய நிலையங்கள் பலவற்றிற்கு வழங்கப்பெற்றன. அவர் அளவில் இதுவும் அறிவைப் பகிரும் செயலே. ஆயினும் பகிரப்பெற்ற இடம் ஐரோப்பா. சேகரிக்கப்பெற்ற நாட்டில் எஞ்சியது சிறிதே. 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஹூக்கரின் இந்தியத் தாவர நூலும் கியூவில் இருந்தே எழுதப்பெற்றது.

இதனால் இந்திய மாணவர்க்கு நேர்ந்த இடர் பெரிது. தம் ஊர் மலையில் வளரும் செடியின் பெயரை உறுதி செய்ய அவர் கப்பலேறிச் செல்லுதல் வேண்டும். அல்லது அங்குள்ளோர்க்குக் கடிதம் எழுதித் திங்கட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். இக்குறையை அழுத்தமாக எடுத்துரைத்தவருள் ஒருவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியிற் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு நடத்திய அறிஞர் இவர். 1950-களின் தொடக்கத்தில், தாவரவியல் ஆய்வுத்துறையைத் திருத்தி அமைக்கும் பொருட்டுப் பிரதமர் நேரு இவரை அழைத்தார். இந்தியத் தாவரங்களை இந்தியாவிற்குள் ஆராய்வதைக் காட்டிலும் வெளிநாட்டில் ஆராய்வது எளிதாக இருக்கும் நிலை மாறுதல் வேண்டும் என்பது அவரது கருத்து. 1954-இல் துறை திருத்தி அமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் கோயம்புத்தூரில் அதன் தென்மண்டல நிலையம் ஏற்பட்டது. சென்னை உலர்தாவரகம் எனப் பெயர் பெற்ற சேகரம் இன்றும் அங்கேயே உள்ளது.

தாள் படமாகி வருதல்

அயல்நாட்டிற்குச் சென்ற மாதிரிகளைத் திருப்பிக் கொணர்வது எளிதன்று. ஆயினும் அவற்றின் படங்களை அனைவரும் காணச் செய்ய இயலும். உலர்ந்த இலைகள் எளிதில் ஒடியக்கூடியவை ஆதலின் தாளைக் கவிழ்க்காமல், மேல்முகமாக வைத்தே படமெடுப்பர். ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்பது வழக்கமான நுட்ப அளவு. தாளின் நீளம் 42 சென்டிமீட்டர், அகலம் 29 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு படத்தில் ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் புள்ளிகள் அமையும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக மொத்தம் 20 கோடி பைட்டுகள். இணையத்தில் ஒரு பொட்டலம் கொள்வது வழக்கமாக 1,500 பைட்டுகளே. எனவே ஒரே ஒரு தாளின் முழுப்படம் 1,35,000-க்கு மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரிந்து செல்லுதல் வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளால் இவ்வெண்ணிக்கை பெரிதும் குறைகிறது. இலையின் நரம்பையும் தண்டின் மயிரையும் உருப்பெருக்கிக் காண அச்சுருக்கிய படமே பெரும்பாலும் போதும்.

படம் மட்டும் போதாது. சீட்டிலுள்ள கையெழுத்தை ஒருவர் படித்து, எழுத்து வடிவில் ஏற்றினாலன்றி அதனைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. மங்கிய மை, மாறிப்போன ஊர்ப் பெயர்கள், சேகரித்தவரின் சுருக்கெழுத்து ஆகியவை இப்பணியைக் கடினமாக்குகின்றன. படமெடுக்கச் சில நிமிடங்கள் ஆகுமாயின், சீட்டைச் சரியாகப் படிக்க அதனினும் மிகுதியான நேரம் பிடிக்கும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் இணைய உலர்தாவரகம் 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் கொல்கத்தாவில் தொடங்கி வைக்கப்பெற்றது. அந்நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாதிரிகளின் படங்கள் அதில் இருந்தன. துறையின் எல்லா நிலையங்களிலும் உள்ள மாதிரிகள் ஏறத்தாழ முப்பது லட்சம். ஆகவே தொடக்கத்தில் திரைக்கு வந்தவை நூற்றுக்கு மூன்றே. பெரும்பகுதி நிலைப்பேழைகளில் இருந்தது. இணையத்தில் தேடிக் கிடைக்காத ஒன்று உலகில் இல்லை எனக் கருதுவது எவ்வளவு பிழை என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

நூல்களும் இவ்வாறே வெளிவருகின்றன. உலகின் பல நூலகங்கள் ஒன்றுகூடி 2006-இல் தொடங்கிய உயிரியல் மரபு நூலகம், பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய தாவர நூல்களையும் விலங்கியல் நூல்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கட்டணமின்றி வழங்குகிறது. கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, 2018-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்ற தேசிய மின்னூலகம், பல நிலையங்களின் நூல்களையும் பாடங்களையும் ஒரே இடத்திலிருந்து தேடிக் காண உதவுகிறது.

பார்த்தீனியம் பற்றிய சான்று

இனி, தொடக்கத்திற் கண்ட வினாவிற்குத் திரும்பலாம். ராக்ஸ்பர்க் இந்தியாவை விட்டுச் சென்றபின், அவரது தோட்டத்தில் வளர்ந்த செடிகளின் பட்டியலை வில்லியம் கேரி 1814-ஆம் ஆண்டில் சேராம்பூர் அச்சகத்தில் வெளியிட்டார். ஹார்ட்டஸ் பெங்காலென்சிஸ் என்பது அதன் பெயர். வங்காளத் தோட்டம் என்பது பொருள். அப்பட்டியலில் பார்த்தீனியம் ஹிஸ்டிரோபோரஸ் என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. 2010-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்று இதனை எடுத்துக் காட்டியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் உலர்தாவரகத்தில், 1880-இல் பிராண்டிஸ் சேகரித்த பார்த்தீனியத் தாள் ஒன்று இருப்பதும் முன்னரே அறியப்பட்டது. ஆயினும், புனாவில் இச்செடி கண்டறியப்பட்ட செய்தி 1956-இல் வெளியானதும், அதுவே இந்நாட்டிற்கு அதன் வருகை எனப் பலராலும் கருதப்பட்டது.

இச்சான்றுகள் எவ்வளவு கூறுகின்றன, எவ்வளவு கூறவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். 1814-க்கு முன்பே இச்செடி கொல்கத்தாவில் வளர்க்கப்பட்டது என்பதைப் பட்டியல் காட்டுகிறது. அது தோட்டத்தை விட்டு வெளியே பரவியதா என்பதைப் பட்டியல் கூறவில்லை. 1950-களுக்குப் பின்னரே நாடெங்கும் பெருங்களையாகப் பரவியது என்பதில் ஐயமில்லை. இறக்குமதியான தானியத்தோடு புதிய விதைகளும் வந்திருக்கலாம்; அதனைப் பழைய பட்டியல் மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. ஆகவே மாணவர்க்குத் தரத்தக்க நேர்மையான விடை இதுவாகும்: ‘இச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொல்கத்தாத் தோட்டத்தில் இருந்தது, பெருங்களையாகப் பரவியது 1950-களுக்குப் பின்னர்.’

இதிற் பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒரே விடை நூறு வலைப்பக்கங்களிற் காணப்படினும், அந்நூறும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாயின், சாட்சி ஒன்றே ஆகும். 1814-இன் பட்டியலோ 1880-இன் தாளோ தனித்தனிச் சாட்சி. இணையத்தின் பொட்டலங்கள் உண்மையையும் பிழையையும் ஒரே வேகத்தில், ஒரே கவனத்தோடு சுமந்து செல்கின்றன. எண்களும் எழுத்துகளும் வழியிற் சிதையாமற் காப்பதற்கு நெறிமுறை உண்டு. கூற்று மெய்யா என ஆராய்வதற்கு நெறிமுறை இல்லை. அப்பணி படிப்பவரையே சார்ந்தது.

களத்திலிருந்து செல்லும் அறிவு

இணையத்தின் அறிவு பெறுவோரால் மட்டும் நிலைபெறுவதன்று. அதற்குக் கொடுப்போரும் வேண்டும். கோப்பன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001-இல் அமைந்த உலக உயிரினப் பன்மைத் தகவல் நிலையம், பல நாடுகளின் உலர்தாவரகங்களும் அருங்காட்சியகங்களும் தனி ஆர்வலர்களும் அளித்த இருநூறு கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைப் பொதுவில் வைத்துள்ளது. ஒவ்வொரு குறிப்பும், எவ்வுயிர், எங்கே, எப்பொழுது, எவரால் காணப்பெற்றது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தருவதை நோக்கமாகக் கொண்டது. இந்நான்கும் பழைய உலர்தாவரச் சீட்டில் எழுதப்பெற்றவையே.

இந்தியாவில் 2008-இல் தொடங்கிய இந்திய உயிரினப் பன்மை வலைத்தளம் இத்தகைய குறிப்புகளை ஏற்கிறது. சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் தம் பள்ளிக்கு அருகிலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்து, தளிர், பூ, காய் தோன்றும் காலத்தை வாரந்தோறும் குறித்து அனுப்புகின்றனர். ஒரு பள்ளியின் குறிப்பு சிறியது. பல மாநிலங்களின் குறிப்புகள் பல்லாண்டுகள் சேரும்போது, கொன்றை பூக்கும் காலம் மாறுகிறதா என்பது போன்ற வினாக்களுக்கு விடை காண அவை உதவும்.

வட்டாரப் பெயர்களைத் தருவதிலும் ஆசிரியர்க்குப் பெரும் பங்கு உண்டு. பழைய சீட்டுகளிற் பெரும்பாலானவை இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. கல்ராயன் மலையிலோ பச்சை மலையிலோ வாழ்வோர் ஒரு செடியை எப்பெயரால் அழைக்கின்றனர், எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதை நேரிற் கேட்டறிந்து தமிழில் எழுதி வைப்பவர் அருகில் இருக்கும் ஆசிரியரே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அடுத்த ஆண்டில் தொடங்கிய வங்காள விக்கிப்பீடியாவும் இவ்வாறு பலர் சிறிது சிறிதாக எழுதிச் சேர்த்ததால் வளர்ந்தவை.

கவனிக்கத்தக்கவை

1. காணும் செடியின் படத்தோடு இடம், நாள், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்தல் வேண்டும். ஊரின் பெயரோடு மாவட்டத்தின் பெயரும் வேண்டும்; ஒரே பெயருடைய ஊர்கள் பல உள்ளன.

2. முழுச் செடி, இலையின் இருபுறம், பூ, காய் எனத் தனித்தனியே படமெடுத்தல் நன்று. பூவின் படம் ஒன்றைக் கொண்டு மட்டும் பெயரை உறுதி செய்வது பலமுறை இயலாது.

3. கருவி தானே கூறும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், வட்டாரத் தாவர நூலோடும் உலர்தாவரத் தாளின் படத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். ஐயம் நீங்காவிடின் ‘பெயர் உறுதியாகவில்லை’ என எழுதுவதே முறை.

4. ஒரு கூற்றை வகுப்பில் எடுத்துரைக்கும் முன், அது எந்த மூலத்திலிருந்து வந்தது எனப் பின்னோக்கிச் சென்று காணுதல் வேண்டும். மூலம் கிடைத்தால் அதன் ஆண்டையும் மாணவர்க்குக் கூறலாம்.

5. அருகிவரும் தாவரங்கள் வளரும் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடுதல் கூடாது. ஆர்க்கிட், மூலிகை முதலியவற்றை வேரோடு பறித்துச் செல்வோர்க்கு அது வழிகாட்டிவிடும்.

6. பிறர் எடுத்த படத்தையும் எழுதிய செய்தியையும் அவர் இசைவின்றியும் பெயரின்றியும் பயன்படுத்தலாகாது.

7. தாம் முன்பு அனுப்பிய குறிப்பிற் பிழை கண்டால் திருத்தி அனுப்புதல் வேண்டும். பழைய சீட்டின் அருகே புதிய சீட்டை ஒட்டும் உலர்தாவரக வழக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி.

ஷிப்பூர்த் தோட்டத்தில் மூங்கிற் கம்பங்களின்மீது கட்டிய கம்பி நெடுங்காலத்திற்கு முன்பே மறைந்துவிட்டது. அதே தோட்டத்தின் செடிப் பட்டியலோ இன்றும் பயன்பட்டு ஒரு பிழையைத் திருத்தியது. செய்தி அனுப்பும் சாதனங்கள் தலைமுறைதோறும் மாறும். இன்றுள்ள இணையமும் ஒரு நாள் வேறுருவம் கொள்ளக்கூடும். கண்டதைக் கண்டபடி, இடத்தோடும் நாளோடும் எழுதி வைத்த குறிப்பு எச்சாதனத்தின் வாயிலாகவும் அடுத்தவர்க்குச் சென்று சேரும். இன்று ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியர் தம் மாணவரோடு நின்று குறித்து அனுப்பும் ஒரு மரத்தின் பெயரும், அது பூத்த நாளும், இரு நூறாண்டுகளுக்குப் பின் எழும் வினா ஒன்றிற்குச் சான்றாக அமையலாம்.